கண் திறந்திருந்தும் காணாதது ஏன்?

தோழர்களே, செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கும் நம் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். புல்லுக்குள் கிடக்கும் சிவந்த பழம் தானாகக் கண்ணில் படும். பக்கத்திலேயே சுருண்டு கிடக்கும் பாம்பு, கை நீட்டுகிற வரைக்கும் தெரியாது. "கண்ணு எங்கே போச்சு?" என்று மண்டோர் கத்துவார். கண் எங்கும் போகவில்லை. கவனம் பழத்தின் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். மற்றதெல்லாம் மங்கல். கண்ணில் விழுந்த சேதி பின்மண்டைப் பக்கத்து மூளைக்குப் போகிறது. வந்த அத்தனையையும் மூளை ஆராய முடியாது. நாம் தேடுவதைத் தூக்கிக் காட்டி, மற்றதை அமுக்கிவிடும். அமுங்கியது ஞாபகத்திலும் சரியாக ஏறாது.

அமெரிக்காவில் சைமன்ஸ், சாப்ரிஸ் என்ற இருவர் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பந்து விளையாடும் படத்தைக் காட்டி, பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா வேஷம் போட்ட ஒருவர் நடந்து வந்து, மாரில் தட்டிவிட்டுப் போனார். ஏறக்குறைய பாதிப் பேர் அதைக் காணவே இல்லை! படிப்பில்லாத குறை என்று சொல்லிவிடாதீர்கள். 2013-ல் வந்த இன்னோர் ஆய்வில், நுரையீரல் படத்தில் கட்டி தேடிய 24 மருத்துவ நிபுணர்களில் 20 பேர், அதில் பதித்திருந்த கொரில்லா உருவத்தைத் தவறவிட்டார்கள்.

'நம் சதாவதானிகள் நூறைக் கவனித்தார்களே' என்பீர்கள். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டியது உண்மைதான். ஆனால் அது நூறையும் ஒரே நொடியில் பார்ப்பதல்ல. ஒன்றை முழுசாக வாங்கி மனசில் இருத்திவிட்டு, அடுத்ததுக்குப் போகிற பயிற்சி. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மோட்டார் ஓட்டுகிறவர் அவதானி இல்லை.

அலோர்காஜா, ஜாசின் பக்கம் தோட்டத்து மண்சாலை பெரிய ரோட்டில் ஏறும் சிம்பாங்கை நினைத்துக்கொள்ளுங்கள். கார்க்காரர் தேடுவது காரையும் லோரியையும்தான். உங்கள் மோட்டார் அவர் கண்ணில் விழும், மூளையில் விழாது. 1992-லிருந்து பகலிலும் மோட்டாருக்கு விளக்கெரிய வேண்டும் என்று சட்டம் வந்தது இதனால்தான். விளக்கு பழுதென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். ஏறும்போது வலம், இடம், மறுபடி வலம் பாருங்கள். 'மோட்டார் வருதா?' என்று தேடியே பாருங்கள்.

வீட்டிலும் ஆபத்து உண்டு. நாடகம் பார்த்துக்கொண்டே இனிப்புநீர் மாத்திரையை விழுங்குவோம். கொஞ்ச நேரத்தில், 'போட்டேனா, இல்லையா?' சந்தேகத்தில் இன்னொன்றைப் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். கிழமை எழுதிய டப்பாவில் அடுக்கி வையுங்கள். போடும்போது, "திங்கள் காலை மாத்திரை போட்டாச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

சாவியை மறப்பது வேறு. பழகின பாதையே மறந்துபோனால் கிளினிக்கில் காட்டவேண்டும். இன்னொன்று மிக அவசரம்: ஒருவர் திடீரென்று தட்டின் இடப்பக்கச் சோற்றைத் தொடாமலே எழுந்தால், இடப்பக்கம் நிற்பவரைக் கவனிக்காவிட்டால், அது மூளையின் வலப்பக்கம் தாக்கிய பக்கவாதமாக இருக்கலாம். கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போகாதீர்கள். உடனே 999-ஐக் கூப்பிடுங்கள். எப்போது ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் அதைத்தான் கேட்பார்கள். கட்டியான ரத்தத்தைக் கரைக்கும் மருந்தை முதல் சில மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும்.