நோயாளியின் உள்ளத்தைத் தேற்றுவோம்

நோயுற்றவரை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போகிறோம். எச்.ஐ.வி. என்று கேள்விப்பட்டால் மட்டும் வாசலிலேயே நின்று விடுகிறோமே, ஏன்?

அச்சமே முதற்காரணம். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக இக்கிருமியைக் கண்டறிந்தபோது இதற்கு மருந்து கிடையாது. இன்றைய நிலை வேறு. 2004 ஏப்ரல் முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. நோய் முற்றிலும் நீங்குவதில்லை. ஆயினும் மருந்தை ஒழுங்காக உட்கொள்பவர் நெடுங்காலம் நலமாக வாழலாம். இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்து, அந்நிலை நீடித்தால், தாம்பத்திய உறவாலும் அது தொற்றுவதில்லை. ஒரே தட்டில் உண்பதாலும், முஸாஃபஹா செய்வதாலும், ஒரே ஹவுளில் உளூச் செய்வதாலும் ஒருபோதும் தொற்றாது.

அடுத்தது பழிச்சொல். கடத்தூர் போன்ற ஊரில் ஒருவர் மாதந்தோறும் தருமபுரிக்கு பஸ் ஏறினால் 'எதற்கு?' என்று கேட்போர் பலர். அதற்கு அஞ்சி அவர் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்துகிறார், மாத்திரையை ஒளித்து வைக்கிறார், வேளை தவறுகிறார். வேளை தவறத் தவற, கிருமி மருந்துக்கு அடங்காததாகி விடுகிறது. ஆகவே, நம் நாவு அவருடைய உயிரோடு விளையாடுகிறது என்பதை உணர வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை:

1. 'எப்படி வந்தது?' என்று துருவாதீர்கள். கணவரிடமிருந்து பெற்ற பெண்களும், தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளும் உள்ளனர். தவறே செய்தவராயினும் தவ்பாவின் வாசல் அடைக்கப்படவில்லை.

2. அவர் சொன்னது அமானிதம். அனுமதியின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் தடுக்கிறது. ஆனால் வாழ்க்கைத் துணையிடம் நோயாளி மறைக்கலாகாது. மருத்துவமனை ஆலோசகர் துணையுடன் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

3. தட்டையும் பாயையும் தனியாக்காதீர்கள். அதுவே பெரிய காயம்.

4. உறக்கமின்மை, ஓயாத அழுகை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை தென்பட்டால், ஈமான் குறைவென்று ஏசாமல் நம்பிக்கை மையத்து ஆலோசகரிடமோ மனநல டாக்டரிடமோ அழைத்துச் செல்லுங்கள். உயிரை மாய்க்கும் பேச்சு எழுந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். 1097 என்ற இலவசத் தொலைபேசியிலும் எச்.ஐ.வி. பற்றிய ஆலோசனை பெறலாம்.

5. ரமளானில் மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றலாகாது. டாக்டரைக் கேட்க வேண்டும். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு.

6. மௌத்தானால் குளிப்பாட்ட மறுக்காதீர்கள். கையுறை முதலிய வழக்கமான பாதுகாப்போடு செய்யலாம்.

அய்யூப் நபி (அலை) அவர்கள் நெடுநாள் நோயுற்றார்கள். அது அவர்கள்மீது பழியாகவில்லை, பொறுமைக்குச் சான்றாயிற்று. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நோயாளிக்கு இரண்டும் வேண்டும். மூன்றாவதாக அருகில் அமரும் ஒரு மனிதரும் வேண்டும். அந்த மனிதராக நம்மை வல்ல அல்லாஹ் ஆக்குவானாக! ஆமீன்.