பெட்ரோல் கார் ஆயில்: கேனில் பார்க்க வேண்டியவை

சென்னை வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று 20டபிள்யூ-50 ஊற்றச் சொல்வார்கள். புதிய பெட்ரோல் கார்களுக்கு அது வேண்டவே வேண்டாம். இவற்றில் ஆயில் ஓடும் இடைவெளிகள் மிகக் குறுகலானவை. மேனுவலில் 0டபிள்யூ-20 என்றிருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள். முதல் எண் குறையக் குறைய, ஸ்டார்ட் செய்ததும் ஆயில் சீக்கிரம் பரவும். குளிரே இல்லாத ஊரிலும் இது முக்கியம்.

டர்போ எஞ்சினா? கேனில் 'ஏபிஐ எஸ்பி' இருக்கட்டும். 2020-இல் வந்த இந்தத் தரம், பெட்ரோல் முன்கூட்டியே பற்றிப் பிஸ்டனைச் சேதப்படுத்துவதைக் குறைக்கும்.

ஆதம்பாக்கத்திலிருந்து வேளச்சேரிக்கு என்று குறைந்த தூரம் மட்டுமே ஓடும் கார்களில் எஞ்சின் முழுதாகச் சூடாகாது. ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் தங்கிவிடும். மேனுவல் சொல்லும் கிலோமீட்டரை எட்டாவிட்டாலும் ஆண்டுக்கொரு முறை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது சீல் வைத்த கேனை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.