அளவோடு குடித்தால் நல்லதா?



"ஏங்க, இன்னிக்காவது அதை விடக் கூடாதா?"

"அளவோடதானே போடுறேன்! மேலத்தெருப் பெரியப்பா தினம் போடுறார், எழுபது வயசிலும் வயலுக்குப் போறார். சொட்டுகூடத் தொடாத உன் சித்தப்பாவுக்குத்தானே பக்கவாதம் வந்துச்சு?"

பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. மனைவி வாயடைத்துப் போகிறார். இதற்குச் சரியான பதில் உண்டு. இருவரும் சேர்ந்து படியுங்கள்.

குழப்பம் எப்படி வந்தது?

குடிக்காதவர்களைவிடக் கொஞ்சம் குடிப்பவர்களுக்கு நோய் குறைவு என்று முன்பு சில கணக்குகள் காட்டின. ஆனால் உடம்பு கெட்டதால் குடியை விட்டவரும், முதலிலிருந்தே நோயாளியாக இருந்ததால் தொடாதவரும் "குடிக்காதவர்" பக்கம் சேர்ந்துவிடலாம். அளவோடு குடிப்பவருக்கு நல்ல சாப்பாடும் வசதியும் இருக்கலாம். நோய்க்குக் காரணம் குடியா, வேறா என்று பிரிக்க முடியவில்லை.

பிறப்பிலேயே போட்ட சீட்டு

நம் உடம்பின் குணங்களைத் தாய் தந்தையிடமிருந்து கொண்டு வருவது மரபணு. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று ஜோடியாகக் குழந்தைக்கு வருகிறது. பெற்றவர் ஒவ்வொருவரிடமும் உள்ள இரண்டில் எது வரும் என்பது திருவுளச் சீட்டு போட்டது போல. கரு உண்டாகும்போதே முடிவாகிவிடும். பின்னால் பணம் வந்தாலும், நோய் வந்தாலும் மாறாது.

சீனாவில் பலருக்கு ஒருவகை மரபணு இருக்கிறது. அது உள்ளவர் மது குடித்தால் முகம் சிவக்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். அதனால் அவர்கள் அதிகம் குடிப்பதில்லை. டாக்டர்கள் இதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

2004 முதல் 2008 வரை சீனாவின் 10 பகுதிகளில் 5 லட்சத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்து, சுமார் 10 ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் சுமார் 1,60,000 பேரின் மரபணுவைச் சோதித்தார்கள். முடிவு 2019-ல் வெளிவந்தது.

என்ன தெரிந்தது?

● குடியைத் தடுக்கும் மரபணு உள்ள ஆண்களுக்கு இரத்த அழுத்தமும் பக்கவாதமும் குறைவு. தாராளமாகக் குடிக்க விடும் மரபணு உள்ளவர்களுக்கு அதிகம்.

● கொஞ்சம் குடிப்பது பக்கவாதத்தைத் தடுக்கவில்லை. தினம் 10 முதல் 20 கிராம் ஆல்கஹால் உள்ளே போனாலே ஆபத்து 100-க்கு 10 முதல் 15 பங்கு கூடுகிறது. 40 கிராம் என்றால் சுமார் 35 பங்கு. நம் ஊர் குவார்ட்டர் பாட்டில் ஒன்றில் சுமார் 60 கிராம் இருக்கிறது!

"மரபணுவேதான் நோயைக் கொடுத்ததோ?" என்று கேட்கலாம். அங்கே பெண்கள் அநேகமாகக் குடிப்பதில்லை. அதே மரபணு அவர்களுக்கும் உண்டு. ஆனால் அதனால் அவர்களின் இரத்த அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே குற்றவாளி மரபணு அல்ல, மதுதான்.

பெரியப்பா கதை?

பக்கவாதத்துக்கு உப்பு, புகையிலை, சர்க்கரை நோய் என்று வேறு காரணங்களும் உண்டு. சித்தப்பாவுக்கு அவற்றில் ஒன்று இருந்திருக்கலாம். பெரியப்பா தப்பித்தவர். தப்பித்தவர் கண்ணில் படுகிறார். படுத்த படுக்கையானவர் வீட்டுக்குள் இருக்கிறார்.

முகம் சிவக்கச் செய்யும் அந்த மரபணு நம் நாட்டில் மிக அபூர்வம். நம் உடம்பு நம்மைத் தடுக்காது. நாமேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. கணவன் மனைவி இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. தினம் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம். டாக்டரைக் கேட்டு விடுங்கள். மனைவி கூடப் போவது நல்லது.

3. வாய் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால் வைத்தியம் தேடி அலையாதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் மரபணு நம் கையில் இல்லை. அவர்கள் பார்த்து வளரும் பழக்கம் நம் கையில்தான் இருக்கிறது.