ஹாப் மணமும் நாள் கணக்கும்: ஸ்பெயினில் பீர் காய்ச்சத் தொடங்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்



ஸ்பெயினில் ஹாப் பூவின் மணம் தூக்கலான ஏல் பீருக்கு வயது குறைவு. அந்நாட்டுக் கடைகளில் நெடுங்காலமாக ஓடியது லேசான லாகர்தான். சிறு கண்ணாடிக் குவளையில், பல் கூசும் குளிரில் ஊற்றித் தரும் அதற்குக் ‘கான்யா’ என்று பெயர். இங்கிலாந்திலிருந்து வந்து பார்சலோனாவில் குடியேறிய ஸ்டீவ் ஹக்ஸ்லி 1990களில் அங்கே ஏல் காய்ச்சினார், பிறகு பலருக்கும் கற்றுக்கொடுத்தார். கான்டாப்ரியாவில் 2006இல் டூகால்ஸ், நவார்ராவில் 2009இல் நாபார்பியர், 2015இல் பாஸ்க் நாட்டின் எர்னானியில் பாஸ்க்லாண்ட், அதே ஆண்டு பார்சலோனாவில் கராஜ் என ஆலைகள் அடுத்தடுத்து வந்தன. டூகால்ஸ் தன் பேல் ஏலுக்கு வைத்த பெயர் 942. அது கான்டாப்ரியாவின் தொலைபேசிக் குறியீடு.

இந்த வரிசையில் சேர வருபவர் மறக்கக் கூடாதது ஒன்று உண்டு. ஹாப் மணம் நாள்பட நிற்காது. தண்ணீர் முதல் விற்பனை வரை எல்லாவற்றையும் அதை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தண்ணீர். குவாதர்ராமா மலைப்பகுதியிலிருந்து மாட்ரிட்டுக்கு வருவது மென்னீர். பார்சலோனாவின் யோப்ரெகாத் ஆற்று நீரில் உப்புகள் அதிகம். நீரில் சல்பேட் மிகுந்தால் கசப்பு கூர்மையாகும், குளோரைடு மிகுந்தால் பீர் நாக்கில் வழவழப்பாக இறங்கும். ஆகவே ஓர் ஊரில் நன்றாக வந்த செய்முறை இன்னோர் ஊரில் அப்படியே வராது. நீரைப் பரிசோதித்துத் திருத்திய பிறகே செய்முறையை எழுத வேண்டும்.

அடுத்தது ஹாப். ஸ்பெயினில் விளையும் ஹாப்பில் பெரும்பகுதி லியோன் மாகாணத்தின் ஓர்பிகோ பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கே அதிகம் பயிராவது நக்கெட் என்னும் ரகம். அது கசப்புக்குப் பெயர்போனது. எலுமிச்சை, மாம்பழ வாசம் தரும் சிட்ரா, மொசைக் போன்றவை அமெரிக்காவிலிருந்து வருகின்றன. கடல் கடந்து வரும் ஹாப்பை வாங்கும்போது எந்த ஆண்டு அறுவடை என்று கேட்டு, பொட்டலத்தைத் திறந்து முகர்ந்து பார்ப்பது அவசியம். லியோனில் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் அறுவடைக் காலத்தில் உலர்த்தாத பச்சை ஹாப் கிடைக்கும். அது ஓரிரு நாளில் கெட்டுவிடும் என்பதால், பக்கத்தில் இருக்கும் சிறு ஆலைக்கே அது உதவும்.

கொதிக்கும்போது போடும் ஹாப் கசப்பைத் தரும், ஆனால் மணம் ஆவியோடு போய்விடும். மணத்துக்கான ஹாப்பில் ஒரு பகுதியை, அடுப்பை அணைத்து, மால்ட் சாறு 80 டிகிரிக்கு இறங்கிய பின் போடுவது நல்லது. மீதியை நொதிப்பு முடியும் தறுவாயில் தொட்டியில் சேர்க்க வேண்டும். இதுவே டிரை ஹாப்பிங். இதில் அள்ளிக் கொட்டும் ஆசை புதியவருக்கு வரும். கேஸ்கேட் ரகத்தை வைத்து ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், லிட்டருக்கு 8 கிராமைத் தாண்டியபோது பழவாசம் அதற்கேற்பக் கூடவில்லை, தழை வாசமும் தேயிலை வாசமுமே முன்னுக்கு வந்தன.

டிரை ஹாப்பிங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஹாப்பில் உள்ள நொதிகள் மிச்ச மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க, ஈஸ்ட் மறுபடி வேலையைத் தொடங்கும். அப்போது வெண்ணெய் நெடி வீசும் டைஅசெட்டில் உருவாகலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. இரண்டு குவளைகளில் பீர் எடுத்து மூடி, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறிய பின் இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாசம் வந்தாலும் பீர் இன்னும் தயாராகவில்லை. அவசரப்பட்டு அடைத்தால் அந்த நெடி கடையில் எழும். சில சமயம் வாயு மிகுந்து கேனும் உப்பும்.

மணத்துக்குப் பெரிய பகை ஆக்ஸிஜன். ஓட்ஸ் சேர்த்த கலங்கலான ஐபிஏ வகை ஏல் காற்றுப் பட்டால் பொன்னிறம் போய்ப் பழுப்பாகும், பழவாசம் மங்கி நனைந்த அட்டை வாசம் வரும். தொட்டி, குழாய், கேன் என எல்லாவற்றிலும் முன்கூட்டியே கரியமில வாயுவை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். அடுத்த பகை வெப்பம். செவில்லில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டாத வண்டியில் அங்கே போகும் பீர் சில நாளிலேயே கிழடு தட்டிவிடும்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 678ஆம் அரச ஆணைப்படி, முழு வேலையும் ஒரே ஆலையில், தேர்ந்த காய்ச்சுநரின் மேற்பார்வையில், இயந்திரத்தைவிட மனித உழைப்பு மேலோங்க நடந்தால்தான் ‘கைவினைத் தயாரிப்பு’ என்று லேபிளில் போடலாம்.

விற்பனையில் போட்டி கடுமையானது. மதுக்கடைகளுக்குக் குழாயும் குளிர்ப்பெட்டியும் கொடுத்துப் பெரிய நிறுவனங்கள் இடம் பிடித்து வைத்திருக்கின்றன. விலையில் அவற்றோடு மோதிச் சிறு ஆலை வெல்ல முடியாது, புதுமணத்தில் வெல்ல முடியும். ஆலையை ஒட்டியே சொந்தக் கடை, குளிர்ப்பெட்டியில் மட்டும் வைக்கச் சம்மதிக்கும் சில்லறைக் கடைகள், கேனின் அடியில் அடைத்த தேதி ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். பரிமாறுவதும் கான்யாவின் குளிரில் கூடாது, 6 முதல் 8 டிகிரிதான் ஏற்றது. அதற்குக் கீழே போனால் மணம் எழாது.

தொட்டியின் அளவையும் மணம் நிற்கும் நாள் கணக்கில்தான் தீர்மானிக்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் இரண்டு மாதத்துக்குள் விற்றுத் தீரும் அளவே காய்ச்சுவது நல்லது. மீறிக் காய்ச்சியது கிடங்கில் கிடந்து மணமிழந்த பீராகத்தான் வாங்குபவரிடம் போய்ச் சேரும்.