முசிறிக் கடன் பத்திரம்

ஆலுவா ஊரைத் தொட்டு ஓடுகிறது பெரியாறு. அது கடலில் சேரும் பக்கத்தில் முன்பு முசிறித் துறைமுகம் இருந்தது. ரோமாபுரி வியாபாரிகள் கப்பலில் வந்தார்கள். தங்கம் கொடுத்தார்கள். மிளகு வாங்கினார்கள்.

வட பரவூர் அருகே பட்டணம் என்ற ஊர் உள்ளது. அங்கே 2007 முதல் அகழாய்வு நடந்தது. ரோமாபுரி ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன.

முசிறி வியாபாரத்துக்கு எழுதிய கடன் பத்திரம் ஒன்றும் உள்ளது. எகிப்து நாட்டு நாணல் தாள். கிரேக்க மொழி. வயது சுமார் 1,850 ஆண்டுகள். இப்போது வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது.

அதில் என்ன எழுதி இருக்கிறது? சரக்கை எந்த வழியில் கொண்டு போவது? எந்தக் கிடங்கில் வைப்பது? கெடுவுக்குள் கடன் தீராவிட்டால் சரக்கு யாருக்கு? எல்லாம் விவரமாக உள்ளது. தாளின் பின்பக்கத்தில் தந்தம் முதலிய சரக்குகளின் எடையும் விலையும் உள்ளன.

பத்திரம் இருவருக்கும் காவல். படிக்காமல் கைநாட்டு வைத்தால் ஒருவருக்கு மட்டுமே காவல்.

கடன் தொகை, வட்டி, கெடு, ஈடு. நான்கையும் படியுங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். நகல் கேட்டு வாங்குங்கள்.

செய்து பார்ப்போம்: உங்கள் வீட்டில் கடன் பத்திரம் இருக்கிறதா? எடுத்துப் படியுங்கள். கெடு எந்தத் தேதி? நோட்டில் எழுதுங்கள்.