தேவனூர் நாட்டில் பாட்டன் பூட்டனைத் தேடும் வழி

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் 1860-இல் ஒரு தறிக்காரர் இறந்திருந்தால், பெரும்பாலும் அவருடைய இறப்புப் பதிவே தாய், தகப்பன் இருவர் பெயரையும் சொல்லிவிடும். அங்கே 1855 ஜனவரி 1 முதல் பதிவு கட்டாயம். கொல்லிமலையின் தேவனூர் நாட்டில் அதே காலத்து உழவர் ஒருவரை அந்த வழியில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். 1871-இல் சென்னை மாகாணம் முழுக்கக் குடிமதிப்பு எடுத்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பது தொகைகள்தான்; வீட்டுவாரிப் பெயர்கள் அல்ல. ஜெஸ்ஸி பிராண்ட் போன்ற பாதிரிமார் மலையேறியதே 20-ஆம் நூற்றாண்டில் என்பதால் தேவாலயப் பதிவேடும் உதவாது. ஆகவே பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பிடியுங்கள். இந்த மலையில் குடும்பத்தின் தடம் உழுத காட்டிலும் பங்காளி முறையிலும்தான் இருக்கிறது.

முதல் வேலை, வீட்டுப் பெரியவரிடம் உட்காருவது. இன்று 80 வயதானவர் 1940-களில் பிறந்தவர். அவருடைய தாத்தா 1890-ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பெரியவர் கண்ணால் பார்த்த ஆளே 19-ஆம் நூற்றாண்டுக்காரர்! ஆனால் பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கம். ஸ்காட்லாந்துத் தறிக்காரர்களும் மூத்த மகனுக்கு அப்படித்தான் வைத்தார்கள். இதனால் இரண்டு தலைமுறை ஒன்றாகக் குழம்பிவிடும். எனவே ஒவ்வொரு பெயரோடும் அவர் உழுத காட்டின் பெயரையும், அவர் பெண் எடுத்த ஊரையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்தது, வி.ஏ.ஓ. அலுவலகம். சிட்டாவிலும் ‘அ’ பதிவேட்டிலும் பெயருக்குப் பக்கத்தில் உள்ள ‘த/பெ’ ஒவ்வொன்றும் ஒரு தலைமுறைப் படி. 1980-களின் யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம்) கணக்கில் புல எண் மாறியிருக்கலாம். பழைய எண்ணைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. அதற்கு முந்தைய கணக்கைத் தாலுகா, மாவட்ட ஆவண அறைகளிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும். நாமக்கல் மாவட்டம் பிறந்தது 1997-இல். அதற்கு முன் சேலம். நாமக்கல் தாலுகா இடையில் சில காலம் திருச்சியோடும் இருந்தது. ஆகவே திருச்சிக் கட்டுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

பட்டா என்பது வரி கட்டியவரின் பெயர்தானே, தம்பிமாரும் பெண்களும் அதில் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி; காகிதம் மட்டும் போதாது என்பதற்கு அதுவே சான்று. குலசாமி நோன்புக்கு எந்தெந்த வீடுகள் சேர்ந்து வரி கொடுக்கின்றன என்று பாருங்கள். விடுபட்ட தம்பிமாரின் கிளைகள் அங்கே தெரியும். பங்காளிகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. ஒரே பெயருள்ள இரண்டு முன்னோர் ஒருவரேதானா என்ற சந்தேகம் வந்தால், அந்த இரு வீட்டுக்கும் இடையே கல்யாணம் நடந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். நடந்திருந்தால் அவர்கள் மாமன் மச்சான் முறை. இருவரையும் ஒரே ஆளாக்க முடியாது. பெண்களின் பிறந்தகமும் இந்த விசாரிப்பில்தான் வெளிவரும். காகிதம் இவ்வளவு உறுதியாக ஒரு பிழையைத் தள்ளாது.

வாய்மொழியை நம்பலாமா என்போர் காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூவர் வந்த கதையைச் சுட்டுவார்கள். 1909-இல் இனவரைவியலாளர் தர்ஸ்டனும் அதை அச்சேற்றினார். அது இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் எல்லோருக்கும் பொதுவான கதை, ஒரு வீட்டின் பூட்டனுக்கான சாட்சியம் அல்ல. அதைத் தனித் தாளில் எழுதுங்கள். வம்சக் கொடியில் பட்டாவும் பங்காளி வீட்டார் சொல்லும் ஒத்துப்போகும் இடத்துக்குக் கோடு; ஒன்று மட்டும் இருந்தால் புள்ளிக்கோடு.