இந்தியா போய் வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேரும் முன்

சிரம்பான், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து திருச்சிக்கும் சென்னைக்கும் போய்வரும் குடும்பங்கள் பல. கோயில், உறவினர் கல்யாணம், சிலருக்கு வைத்தியம். திரும்பும்போது ஆண்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி குடலில் தங்கி வரக்கூடும். காய்ச்சலோ வலியோ இராது. பிறகு அறுவைச் சிகிச்சை, சிறுநீர்க் குழாய், ஐ.சி.யூ. என்று போகும்போதுதான் அது ஆபத்தாகிறது.

1. வார்டில் சேரும்போதே, கடந்த ஓராண்டில் எந்த நாட்டுக்குப் போனீர்கள், அங்கே ஆஸ்பத்திரியில் படுத்தீர்களா என்று நீங்களே சொல்லுங்கள். தோட்ட ஆஸ்பத்திரி இருந்த காலத்தில் டிரெசருக்கு எல்லார் வீட்டு நிலவரமும் தெரியும். இன்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னால்தான் தெரியும். இது சின்ன விஷயமல்ல. புதுடில்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளி நோயாளி ஒருவரிடம் 2008இல் கண்ட கிருமியில்தான் என்.டி.எம்.-1 மரபணு முதலில் அடையாளம் காணப்பட்டது. கடைசிக்கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பாபெனெம் மருந்துகளையே அது முறியடிக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் அது இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மூன்றிலும் இருப்பதைக் காட்டினார்கள்.

2. அங்கே தந்த டிஸ்சார்ஜ் தாள், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். டாக்டரிடம் மலாயில் பேசத் தயங்கும் பாட்டிக்கு ஊர், தேதி, ஆஸ்பத்திரிப் பெயரை ஒரு தாளில் எழுதி ஐசியோடு வைத்துவிடுங்கள்.

3. பயணத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். நீங்களாக ஆண்டிபயாடிக் வாங்க வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ கடும் காய்ச்சல் அடித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். நெதர்லாந்துப் பயணிகள் சுமார் 2,000 பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், தெற்காசியா போனவர்களில் 100க்கு 75 பேர் பல ஆண்டிபயாடிக்குகளுக்கு அடங்காத குடல் கிருமியோடு திரும்பினார்கள். பயணத்தில் ஆண்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும் வயிற்றுப்போக்கு வந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு கூடுதல்.

4. "இங்கே சீட்டு கேட்பார்கள், அங்கே சுலபம்" என்று மாத்திரை அட்டைகளை வாங்கிவந்து அண்டை வீட்டுக்கும் பகிர்வதை நிறுத்துங்கள். மிச்ச மாத்திரையும் அப்படியே.

5. பயணத்தில் கொதித்த தண்ணீரையே குடியுங்கள், சாப்பாட்டைச் சுடச்சுடச் சாப்பிடுங்கள்.

6. மேலே சொன்ன நெதர்லாந்து ஆய்வில், கிருமியோடு திரும்பியவர்களில் பாதிப் பேருக்கு ஒரு மாதத்துக்குள் கிருமி நீங்கியது. 100க்கு 11 பேரிடம் ஓராண்டு கழித்தும் இருந்தது. வீட்டாருக்கும் பரவலாம். கழிவறை போய்வந்தபின், சமைக்கும் முன், படுக்கையில் இருப்பவருக்குப் பேம்பர்ஸ் மாற்றியபின் சோப்பால் கை கழுவுங்கள்.

7. இந்தக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க, ஆசனவாயில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னால் வெட்கப்படாமல் சம்மதியுங்கள். சில நொடி வேலை. தனி அறையில் போட்டால் அது அவமானமுமில்லை, தண்டனையுமில்லை; பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் காப்பாற்றும் வழி. வேன் நிறைய ஆளோடு பார்க்கப் போகாதீர்கள். போகிறவர்கள் நுழையும்போதும் வெளியேறும்போதும் கை கழுவுங்கள், கட்டிலில் உட்காராதீர்கள்.

8. கிருமி இருக்கிறது, நோய் இல்லை என்று டாக்டர் சொன்னால் மருந்து கேட்டு வற்புறுத்த வேண்டாம். தேவையில்லாத ஆண்டிபயாடிக் நல்ல கிருமிகளைக் கொன்று கெட்டதற்கே இடம் விடும். முடிவுத் தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.